ரெண்டாவது ஷிப்டு

அப்பா,

நல்லா இருக்கேன். திருவேற்காட்டு ஊட்டுல தண்ணி ஒழுங்கா வருது.

நேத்து இவரு, நீ இன்னும் மூஞ்சியே பாக்காத உன் மாப்ள, ஒரு பழைய ஆல்பம் போட்டாரு. ‘ரெண்டாவது ஷிப்டு’ன்னு பேரு. ஃபேக்டரி சங்குல ஆரம்பிச்சு, கித்தாரும் பறையும் போட்டி போட்டுக்கினு ஏறுது. “பாடுனவரு பேரையே போட்டுக்கலடி. பாத்தா கால்ல விழுந்துடுவேன்”னாரு.

ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி பாடுறவரு லேசா தொண்டையைக் கனைச்சாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆவடி மாதா கோயில்ல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூசைப் பாட்டுக்கு நடுவுல நீ கனைப்பியே, அதேதான்.

“எங்கப்பா!”ன்னு கத்திட்டேன். பக்கத்து ஊட்டுல எட்டிப் பாத்தாங்க. பாக்கட்டும்னு அவங்களுக்கும் சொன்னேன். இவரு எழுந்து நின்னவருதான், கடைசிப் பாட்டு முடியுற வரைக்கும் உக்காரவே இல்ல.

ஏம்பா, என்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லல? சரி, சொல்லாம செய்யறதுல நான் உன் பொண்ணுதான்.

வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இவரைக் கூட்டிகினு வர்றேன். மாப்ளன்னு உள்ள விட வேணாம். ரசிகன்னு விடு.

உன் பொண்ணு