தொண்ணூறுக்கு மேல் போகாதே

அக்கா,

கார் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். நான் நடக்கப் போகிறேன். குழாய் ரிப்பேர்காரர் வருவதற்குள் வந்துவிடுவேன்.

உன் ஸ்போர்ட்ஸ் காரில் டேங்க்கை நிரப்பி, டயருக்குக் காற்றும் அடித்துவிட்டேன். டிக்கியில் கிடந்த என் இரும்புச் சாமான்களை இறக்கிவிட்டேன், பாரம் பெட்ரோலைத் தின்னும். ஹைவேயில் தொண்ணூறைத் தாண்டாதே. சத்தம் கேட்க ஆசைப்பட்டு நாலாவது கியரில் இழுக்காமல் ஆறாவதில் விடு. எவனாவது முந்தினால் முந்தட்டும், விரட்டாதே. இப்படி ஓட்டினால் ஊர் போய்ச் சேரும்வரை பெட்ரோலுக்கு எங்கேயும் நிறுத்த வேண்டாம்.

நேற்று சாப்பிடும்போது, "நல்ல வேலைய திமிர்ல விட்டுட்டு வந்து நிக்கிறியே, உனக்கு என்னடா கேடு?" என்று கேட்டாய். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

பி.கு.: மறுபடி கணக்குப் போட்டேன். எவ்வளவு பதமாக ஓட்டினாலும் கடைசி முப்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் போதாது. அது தீரும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது நான் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த பெட்ரோல் பங்க் ஒன்றுதான். மேனேஜருக்கு உன்னைத் தெரியும், அவர் வாயும் சும்மா இருக்காது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வேலையை நான் விடவில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒருத்தருடைய பெட்ரோல் காரில் டீசல் அடித்துவிட்டேன். அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று: அங்கே பெட்ரோல் போடும்போது காரிலேயே உட்கார்ந்திருக்காதே. இறங்கி நின்று பார். என் இடத்தில் இப்போது எவன் நிற்கிறானோ.