செவ்வாய்க்கிழமைச் சில்லு

இன்று காலை ஊர்ச் சங்கத் தலைவர் ஒரு சைக்கிளின் முன்சில்லைக் கொண்டுவந்து எங்கள் விறாந்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனார். வெயில் ஏறியதும் ரயர் மணத்தோடு தேங்காயெண்ணெய் மணமும் கிளம்பியது. கிறீஸ் கிடைக்காததால் இங்கே எல்லாரும் சில்லின் அச்சுக்குத் தேங்காயெண்ணெய்தான் விடுகிறார்கள். உம்முடைய தலையணையிலும் கடைசிவரை அந்த மணம்தான் இருந்தது. ஆணி அதே இடத்தில் இருக்கிறது. சில்லை நான் மாட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் கந்தோருக்குப் பிந்திவிட்டது.

வாய்க்காலடியில் இருக்கும் ஒருவன் சூடடித்த களத்திலிருந்து நெல்மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அகப்பட்டுவிட்டானாம்.

"தம்பி, உம்மட யோசனை மாரிமுத்துவில பலிச்சதுதானே," என்றார் தலைவர். "இவனுக்கும் ஆறு மாசம். அதே ஆணி, அதே வைத்தியம்."

"நாளைக்குச் சொல்லுறன் அண்ணை," என்று அனுப்பிவிட்டேன்.

அவருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கிறது. சொன்னால் உம்முடைய பெயர் சங்கக் கூட்டத்துக்குப் போகும். சொல்லாமல் விட்டால், நடக்காத ஒன்றை நடந்தது என்று நம்பி இன்னொருவனுக்கும் அதையே செய்வார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அதனால்தான் உமக்கு எழுதுகிறேன்.

நாங்கள் வட்டக்கச்சிக்கு வந்த இரண்டாவது வருடம் அது. மாரிமுத்து மூன்றாவது தடவையாகத் தேங்காய் மூட்டையோடு பிடிபட்டிருந்தான். பொதுமண்டபத்தில் கூட்டம். நாலு அடி போட்டால் மற்றவனும் பயப்படுவான் என்றார் ஒருவர். பொலிசில் கொடுத்து மறியலில் அடைப்போம் என்றார் இன்னொருவர். "மலைநாட்டில இருந்து வந்ததுகளை ஊருக்குள்ள விட்டதே பிழை," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது யாரென்று நீர் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது.

நான் எழுந்தேன். நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்ப்பவனுக்கு வேறு எப்படி யோசனை வரும்? தண்ணீருக்குப் புத்தி சொல்ல முடியாது, கதவை இறக்கினால் அது நிற்கும் என்றேன். சைக்கிள் இல்லாமல் அவனால் மூட்டை ஏற்ற முடியாது. முன்சில்லைக் கழற்றி ஆறு மாதம் வைத்திருந்தால் போதும். அடி இல்லை, மறியல் இல்லை, களவும் இல்லை. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. யோசனை சொன்னவன் வீட்டிலேயே சில்லு இருக்கட்டும் என்றார்கள்.

நான் ஆணி அடிக்கும்போது நீர் குசினி வாசலில் நின்றீர்.

"இஞ்சேருங்கோ, களவெடுத்தது ஆள். மறியல் சில்லுக்கோ?"

"சில்லில்லாமல் அவனாலை களவெடுக்க ஏலாது."

"ஏலாமல் இருக்கிறதும் வேண்டாம் எண்டு விடுறதும் ஒண்டோ?"

"தேங்காய் மிஞ்சினால் எனக்குக் காணும்."

"தேங்காய் மிஞ்சும்," என்றுவிட்டு உள்ளே போய்விட்டீர்.

மாட்டுவதற்கு முன் ரியூபில் இருந்த ஓட்டையைக் கண்டு ஒட்டுப் போட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது ஒழுங்காக இருக்கவேண்டும் என்ற நினைப்பு. அதன்பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேர். காலையில் தேத்தண்ணி தரும்போது, "மறியல்காரருக்கும் ஒரு கோப்பை ஊத்தவோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பீர். நான் கந்தோரால் வந்தால், "மறியல் ஐயா வாறார், எல்லாரும் நேர நில்லுங்கோ," என்பீர். நிற்க அந்தச் சில்லைத் தவிர வேறு யாரும் இல்லை.

நாலாம் மாதம் ஒருநாள் போகிறபோக்கில் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். கல்லுப்போல இருந்தது. சும்மா தொங்கும் சில்லில் ஒரு மாதத்திலேயே காற்று இறங்கத் தொடங்கிவிடும்.

"பாத்தீரோ என்ர ஒட்டை? நாலு மாசமாக் காத்துப் போகேல்லை."

அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர். "மறியலிலை நல்ல சாப்பாடு போலை," என்றீர். என் பெருமையைத்தான் பகிடி பண்ணுகிறீர் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் உமக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா என்றார்கள். நாலாம் நாள் மத்தியானம் நீர் இல்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

உம்முடைய எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை காலையில் மாரிமுத்து படலையடியில் நின்றான். கையில் காற்றடிக்கும் பம்.

"இந்த நேரத்தில கேக்கக்கூடாதுங்க ஐயா. டீச்சரம்மா செவ்வாக்கிழமையில தருவாங்க."

"என்னத்தை?"

சுவரைக் காட்டினான். பள்ளிக்கூட வேலையை விட்டபிறகும் ஊருக்கு நீர் டீச்சர்தான்.

"சம்சாரத்துக்கு மாசமுங்க. கால் வீங்கிக் கெடக்கு, பிறசர்னு சொல்லி ஒவ்வொரு செவ்வாயும் கிளினிக்குக்கு வரச்சொல்லிட்டாங்க. நடக்க முடியல. நீங்க கந்தோர் போனதும் டீச்சரம்மா சில்லக் குடுப்பாங்க. நாலு மணிக்கு முந்தி கொண்டாந்து மாட்டிருவேன். ஒருநாளும் பிந்துனதில்லைங்க."

எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "அப்ப காத்து?"

"நான்தாங்க அடிப்பேன். நீங்க போட்ட ஒட்டு கசியுதுங்க. சொல்லாதே, ஐயா மனசு நோவும்னாங்க."

நீர் போனபிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை. அவன் பம்மைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

சில்லைக் கழற்றிக் கொடுத்தேன். நாலு மணிக்கு முன் வந்தது. அடுத்த செவ்வாயும் கொடுத்தேன். ஆறு மாதம் முடிந்த அன்று நானே அவன் சைக்கிளில் பூட்டிவிட்டேன். அவனுக்குப் பெண்பிள்ளை. இப்போது அது நடக்கிறது.

ஒருநாள் அவனிடம் நேராகவே கேட்டேன், ஏன் பிறகு எடுக்கவில்லை என்று. "தோணாம இல்லைங்க," என்றான். "செவ்வாக்கிழமை அந்தத் தோட்டத்து ஓரமாத்தான் வருவேன். தேங்கா உழுந்து கெடக்கும். டீச்சரம்மா வெறும் ஆணியப் பாத்துக்கிட்டு நிப்பாங்களேன்னு மிதிச்சு வந்துருவேன்."

மற்ற ஆறு நாளும் சில்லில்லாததால் நின்றானா, அந்த ஒரு நாள் சில்லிருந்ததால் நின்றானா? இரண்டு நட்டை ஒன்றாக இறுக்கிவிட்டால் எது ஒழுக்கை நிறுத்தியது என்று சொல்ல முடியாது. கந்தோரில் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. ஆனால் ஒரு நட்டை இறுக்கியது யாரென்று எனக்குத் தெரியும்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

காலையில் தலைவர் வந்தார். கதிரையைப் போட்டு இருத்தி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"உம்மட மனிசியோ?" என்றார்.

"ஓம் அண்ணை. சங்கத்தின்ர தீர்ப்பை அவா மீறினவா. பிறகு நானும்."

அவர் சில்லைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப பலிச்சது எது?"

"எனக்குத் தெரியாது. கூட்டத்திலையும் இப்பிடியே சொல்லுவன். இந்தாளுக்குக் கிழமையில எந்த நாள் சில்லு வேணுமெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகுதான் மாட்டுவன்."

அவர் எழுந்து போனார். கோபமாக்கும் என்று நினைத்தேன். பின்னேரம் படலையில் நின்றபடியே சைக்கிள் மணியை அடித்தார்.

"வியாழக்கிழமையாம்," என்றார். "தாயை மருந்து கட்டக் கொண்டுபோறவனாம். நான் கேக்கேக்கை நம்பாமல் என்ர முகத்தைப் பாத்தவன்." பிறகு பெடலில் காலை வைத்துக்கொண்டு, "டீச்சர் என்னையும் ஏமாத்திப்போட்டா," என்றார். குரலில் கோபம் இல்லை.

இப்போதுதான் சில்லை மாட்டினேன். பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். ரயர் மெத்தென்று உள்ளே போயிற்று. ஆணிக்கு நேர்கீழே பம்மை வைத்திருக்கிறேன். ஒட்டுப் போடவில்லை. என் ஒட்டு எப்படிப்பட்டதென்று உமக்குத் தெரியும்.