நெல்சியின் இடது கண்

ஏப்ரல் 22
மழை பொய்த்து, அணை வற்றி, பொகோட்டாவில் பகுதி பகுதியாக முறைவைத்துத் தண்ணீரை நிறுத்துகிற வருஷம் இது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டு ஒஃபேலியா எழுதுகிறாள். இன்று என் மகள் நெல்சிக்கு லேசரில் கண் சரிசெய்தார்கள். பஸ் ஓட்டுகிறவள். தடித்த கண்ணாடியில் ஆவி படிகிறதென்று பத்து வருஷப் புலம்பல்.

ஏப்ரல் 23
கண்மூடியை எடுத்தால் இடது கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தம்.
"கண்ணு அசையாம இருக்க ஒரு வளையம் வச்சு அழுத்துனாங்கப்பா. மேல இருக்கிற பொடி ரத்தக்குழாய் உடைஞ்சிருக்கு. ரெண்டு வாரத்துல போயிடுமாம்."
"சண்டைச் சேவல் மாதிரி இருக்கே."
"ஜெயிச்சது யாருன்னு கேளுங்க."

ஏப்ரல் 25
தண்ணீர் இல்லாத நாள். அவள் தூங்கும்போது, வாளியில் பிடித்துவைத்த தண்ணீரில் சீமைச்சாமந்தி ஊறப்போட்டு, துணியை நனைத்து அந்தக் கண்மேல் வைத்தேன். சிவந்த கண்ணுக்கு இங்கே எல்லோரும் செய்வதுதான். விழித்துக்கொண்டாள்.
"அப்பா, என்ன பண்ணீங்க?" மெதுவாகத்தான் கேட்டாள்.

ஏப்ரல் 26
இடது கண் பார்வையின் நடுவில் சாம்பல் பொட்டு தெரிகிறதாம். என் முகம் தெரியவில்லை என்கிறாள். என் கைதானே? வேறு யார் கை?

ஏப்ரல் 27
டாக்டரம்மா அமீரா சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தாள். "வெளிச் சிவப்பு ஒண்ணுமில்ல. உள்ள, விழித்திரை நடுவுல ரத்தம் கசிஞ்சிருக்கு."
துணியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.
"அது உள்ள போகாது, பெலார்மினோ ஐயா. சீழ் பிடிக்காதது உங்க அதிர்ஷ்டம். இன்னொரு தரம் செஞ்சா கையைக் கட்டிப்போடுவேன்." லேசர் கண்ணாடியைத்தான் கழற்றியதாம், உள்ளே தடித்த கண்ணாடிக்காரர்களின் அதே நீண்ட, மெல்லிய கண்தானாம். அந்த வளையத்தின் அழுத்தத்தில் கசிந்திருக்கலாம். "வீட்டுல வேற யாருக்காவது கண்ணு போயிருக்கா?"
"நாலு பேருக்கு. அடுப்புச் சூட்டோட குளிர்ல வெளிய போனதால."
"ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டோமே."
"குடும்பத்துல கண்ணு நோய் இருக்கான்னு கேட்டீங்க. குளிர் நோயாம்மா?"
நெல்சி என்னைப் பார்க்கவில்லை. ஊரில் இருந்த அவர்களின் கண்ணைப் பற்றி அவளிடமும் நான் சொன்னதில்லை.

மே 5
பேசுகிறாள். காப்பியில் சர்க்கரை போதாதென்று மட்டும்.

ஜூன் 9
பொட்டு வெளுத்துவிட்டது. என் முகம் தெரிகிறது, மூக்குதான் கோணலாம். "அது முன்னாடியே அப்படித்தான்" என்றாள். பஸ் ஓட்ட அனுமதி இல்லை. டெப்போவில் வண்டிகளை அனுப்பும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

இது குளிரில்லை, ரத்தவழியில் வருவது என்று சொல்லி, கண் போன நாலு பேரின் பெயர்களையும் டாக்டரம்மா கேட்டு எழுதிக்கொண்டாள். அம்மா ரொசெந்தா, ஊரில் கால்பந்துத் திடல் கட்டிய வருஷம் ஒரு கண், இரண்டு வருஷத்தில் மற்றது. மாமா எலியோதோரோ. அண்ணன் ஆர்செனியோ. தங்கை இல்துவாரா, போன டிசம்பரில் புதைத்தோம்.
"அந்தக் கண்ணோட இப்ப உயிரோட இருக்கிறது யாரு?"
நெல்சி, என்றேன்.