நாலு விரல் இறக்கம்

பிப்ரவரி 18, செவ்வாய்

மூன்றாம் ஆபரேஷன் தியேட்டர் டேபிளை இன்று முடித்துக் கொடுத்துவிட்டேன். பத்து நாளாக அடியில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. சிலிண்டரைத் திறந்தால் எண்ணெயை அடைத்து நிறுத்தும் ஆயில் சீல் தேய்ந்து பிய்ந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, டேபிளைத் தூக்கும் பிஸ்டன் ராடில் ஒரு கீறல். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. புது சீல் போட்டாலும் இந்தக் கீறல் அதை அறுத்துவிடும். ராடையே மாற்றினால்தான் சரி.

எங்கள் ரிப்பேர் பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "ராடு வர ஆறு வாரம் ஆகும்மா. எப்படியாவது இன்னைக்கே ஓட வை" என்றார். அவர் வாயை மூடுமுன் தியேட்டர் ஹெட் சிஸ்டர் போன். "நாளைக்கு நாலு கேஸ் போட்டிருக்கேன். டேபிள் வரலேன்னா உங்க ஆபீஸ் மேசையை தூக்கிட்டு வந்துடுவேன், பாத்துக்க."

நைஸ் உப்புத்தாளால் கீறலைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். புது சீல் போட்டேன். ஸ்டோரில் புது எண்ணெய் இல்லை. பழையதையே துணியில் வடிகட்டி ஊற்றினேன். எடை ஏற்றி ஒரு மணி நேரம் பார்த்ததில் இம்மிகூட இறங்கவில்லை. ரெஜிஸ்டரில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டேபிளைத் தள்ளிக்கொண்டு போக வந்த தியேட்டர் அண்ணன் பெடலை நாலு தரம் மிதித்துப் பார்த்து, "வெண்ணெய் மாதிரி போகுது தங்கச்சி" என்றார். இருபத்தாறு வருடமாக அந்தத் தியேட்டரில் நோயாளிகளை ஏற்றி இறக்கி, டாக்டர் சொன்ன உயரத்துக்கு டேபிளை நிறுத்துகிறவர். அவர் வாயால் கேட்டால் ஒரு திருப்தி.

பிப்ரவரி 27, வியாழன்

மருந்து ஏற்றும் பம்ப் இரண்டு, ஆக்சிஜன் மீட்டர் ஒன்று. நாள் முழுக்க மழை. என் வீட்டுக்காரர் ஓட்டும் ஸ்கூல் பஸ் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு "தள்ளுங்க மாமா, தள்ளுங்க" என்று கத்தினார்களாம். சட்டையைத் துவைத்துத் துவைத்து என் கை ஓய்ந்துபோனது.

மார்ச் 6, வியாழன்

டேபிள் இறங்கிவிட்டது.

முதுகுத்தண்டு ஆபரேஷன். நோயாளி ஒரு தையல்கார அம்மா, குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். பெரிய டாக்டர் உள்ளே கருவியை வைத்திருக்கும்போது டேபிள் சத்தமில்லாமல் நாலு விரல் உயரம் இறங்கியிருக்கிறது. நரம்பின் மேலுறை கிழிந்துவிட்டது. தைத்து முடிக்க மேலும் இரண்டு மணி நேரம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இடது காலில் உணர்வு இல்லை. வருமா? இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

பிரிவுத் தலைவர் சாரும் நானும் ஓடினோம். டேபிளை ஏற்றினோம், இறக்கினோம், எடை வைத்தோம். கல் மாதிரி நிற்கிறது. மூன்று தரம் பார்த்தோம். மூன்று தரமும் நின்றது.

"மெஷின்ல ஒண்ணுமில்ல" என்றார் சார். எல்லார் கண்ணும் தியேட்டர் அண்ணன் பக்கம் திரும்பியது. அவர் பெடல் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அங்கேதான் எப்போதும் நிற்பார்.

"நான் மிதிக்கல சார்."

"வேணும்னு மிதிச்சேன்னா சொன்னோம்? கால் பட்டிருக்கும்."

நான் எடைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். எதைப் பேச? டேபிள் நின்றதே. என் கண்ணால் பார்த்தேனே.

மார்ச் 7, வெள்ளி

அந்த டேபிளில் இன்றும் இரண்டு கேஸ். நிறுத்திவைக்கலாமா சார் என்று கேட்டேன். "சோதிச்சு எழுதிக் குடுத்தாச்சு. நீயே சந்தேகத்தை கிளப்பாத" என்றார். இரண்டு கேஸும் முடியும்வரை தியேட்டர் வாசலில் நின்றேன். ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

மார்ச் 8, சனி

தியேட்டர் லீவு. காலையில் தனியாகப் போய் டேபிளின் அடிமூடியைக் கழற்றினேன். ஏன் போனேன்? உப்புத்தாள்தான். மூன்று நாளாக அது மண்டைக்குள் உரசிக்கொண்டே இருக்கிறது.

டேபிளைத் தாங்கி நிறுத்துவது ஒரு சின்ன வால்வு. அது மூடியிருக்கும்வரை எண்ணெய் திரும்பிப் போகாது. மேலே யானை படுத்தாலும் இறங்காது. அதில் ஒரு தூசி மாட்டினால் போதும். வழி திறந்துகொள்ளும். அடுத்த முறை பெடலை மிதித்தால் அந்தத் தூசி அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு யார் சோதித்தாலும் கல் மாதிரி நிற்கும்.

எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கறுப்பாக, பளபளவென்று, ஏழு பொடிகள். உப்புத்தாளின் மணல். நான் தேய்த்தது. நான் வடிகட்டியது. வால்வு உட்காரும் வளையத்தில் மெல்லிய ஒரு பள்ளம்.

ஏழையும் லேப் டப்பாவில் போட்டு மூடினேன். எல்லாவற்றையும் கழுவினேன், புது எண்ணெய் ஊற்றினேன், வேறு வால்வு போட்டேன். ஸ்பானர் இரண்டு தரம் கீழே விழுந்தது. ராடு வரும்வரைக்கும் தாங்கும்.

இப்போது இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"சரி பண்ணிட்டல்ல?"

"பண்ணிட்டேன்."

"அப்போ விடு. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேற எந்த ஆஸ்பத்திரியும் உன்னை வாசல்ல நிக்க விடாது."

"அந்த அண்ணன்?"

"அவருக்கு ஒரு திட்டு விழும். பெரியவர், தாங்கிக்குவார்."

அதன்பிறகு நாள் பூராவும் நாங்கள் பேசியது உப்பு போதுமா, கதவைச் சாத்தினாயா, இவ்வளவுதான். அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்னது எல்லாம் நான் நேற்றே எனக்குச் சொல்லிக்கொண்டதுதான்.

மார்ச் 10, திங்கள்

அண்ணனுக்குத் திட்டு இல்லை. சஸ்பென்ஷன். புதன்கிழமை விசாரணை. கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். சாரின் அறிக்கையில் என் கையெழுத்தும் கேட்டார்கள். 'டேபிளில் கோளாறு இல்லை.' இன்று கோளாறு இல்லைதானே? அப்படிச் சொல்லிக்கொண்டே போட்டேன். சீ.

மார்ச் 11, செவ்வாய்

மத்தியானம் தியேட்டர் அண்ணன் தன் லாக்கரைக் காலி செய்ய வந்தார். படியில் எதிரே வந்துவிட்டார். திரும்பிப் போக இடமில்லை. கையில் ஒரு துணிப்பை. அதில் தியேட்டர் செருப்பு.

"தங்கச்சி, உனக்குத்தான் மெஷின் தெரியும். ஒண்ணு கேக்கறேன். கால் பட்டா, பட்டது நமக்குத் தெரியாம இருக்குமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அன்னைக்கு காலையிலிருந்து நின்னுட்டே இருந்தேன். கால் மரத்துத்தான் போயிருந்துச்சு. மொதல்ல அடிச்சுச் சொன்னேன், நான் மிதிக்கலேன்னு. இப்போ... யோசிக்க யோசிக்க பட்டிருக்கும்னுதான் தோணுது. நாளைக்கு ஒத்துக்கலாம்னு இருக்கேன். அந்தம்மா காலு போனதுக்கு யாராவது ஒருத்தர் மன்னிப்பு கேக்கணும்ல."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் தன் காலையே பார்த்துக்கொண்டு.

அய்யோ. நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? அந்த மனுஷன் தன் காலையே நம்பாம போறாரே. நான் பூட்டி வச்ச டப்பாவுக்கு அவர் கால்மேல பழி போட்டுக்கறாரே.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்: நாளைக்குச் சொல்லிடப் போறேன். சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். அப்புறம், "பிரேக் புடிக்காத வண்டிய நான் ஒரு தரம்கூட வெளிய எடுத்ததில்ல. உனக்குப் போய் நான் அப்படிச் சொன்னேன் பாரு" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

மார்ச் 12, புதன்

விசாரணை பத்து மணிக்கு. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அம்மா நடுவில், பெரிய டாக்டர் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம். தியேட்டர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். அவர் பேச ஆரம்பிக்குமுன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். டப்பாவை மேசைமேல் வைத்தேன்.

சொல்ல வேண்டியதை ராத்திரி முழுக்க மனசில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரிசையாக வரவில்லை. உப்புத்தாள், எண்ணெய், வால்வு, சனிக்கிழமை — தலைகீழாகச் சொன்னேன். கண்காணிப்பாளர் அம்மா இரண்டு தரம் திரும்பச் சொல்ல வைத்தார். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ராடை மாத்தணும்னு தெரிஞ்சுதான் தேய்ச்சீங்களா?"

"தெரியும்."

"யார் தேய்க்கச் சொன்னது?"

சார் நிமிர்ந்தார். நான் யோசித்தேன். நியாயமாக யோசித்தேன். 'இன்னைக்கே ஓட வை' என்றுதான் சொன்னார். தேய்க்கச் சொல்லவில்லை. அதையே அப்படியே சொன்னேன், ஆறு வாரத்தையும் சேர்த்து. சாரின் முகம் இறுகியது. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

பெரிய டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "சனிக்கிழமை தெரிஞ்சது. இன்னைக்கு புதன். நடுவுல நாலு நாள் என்ன பண்ணீங்க?"

"பயந்துட்டு இருந்தேன் டாக்டர்."

தியேட்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. படியில் நான் வாயைத் திறக்காமல் நின்றது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

வேலை போகவில்லை. ஒரு வருடம் தியேட்டர் கருவிகளைத் தொடக்கூடாது. வார்டு கட்டில், சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர் மட்டும். சாருக்கும் மெமோ. அந்த டேபிளை புது ராடு வரும்வரை மூலையில் தள்ளிவிட்டார்கள். அண்ணனைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். மற்றது எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

டாக்டர் எல்லாவற்றையும் தையல்கார அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம். போனேன். கால் போர்வைக்கு வெளியே இருந்தது. ஒரு பெண் அதைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதான் அந்த டேபிளை ரிப்பேர் பண்ணினவளா?"

"ஆமாம்மா."

"நான் ஒரு கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட் தைச்சேன். அவசரம். இருந்த பழைய நூலையே போட்டு ஓட்டினேன். தாலி கட்டற நேரத்துல தோள்ல பிரிஞ்சுடுச்சாம். அந்தப் பொண்ணு மூஞ்சியில முழிக்க எனக்கு தைரியம் வரல. இன்னைக்கு வரைக்கும் அந்தத் தெருப்பக்கம் போறதில்ல." பிடித்துவிடும் பெண்ணை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்காக உன்னை விட்டுட்டேன்னு நினைக்காத. கால் வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 8, செவ்வாய்

தையல்கார அம்மாவின் கால் கட்டைவிரல் அசைகிறதாம். வார்டு நர்ஸ் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டிலுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

தியேட்டர் அண்ணன் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறார். திட்டினால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 26, சனி

புது ராடு ஒருவழியாக வந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த மெக்கானிக் போட்டுவிட்டுப் போனார். பழசும் புதுசும் தெரிந்த ஆள் நீதான், பார்க்க மட்டும் வா என்று சார் கூப்பிட்டார். தொடாமல் நின்றேன். எடைக்கு மணல் மூட்டை வைத்துப் பார்த்தார்கள். நின்றது.

ஹெட் சிஸ்டருக்கு அது போதவில்லை. "போன தரமும் நின்னுச்சு. மூட்டைக்கு முதுகு கிடையாது. உங்க ஆள் ஒருத்தர் ஏறிப் படுங்க. ஒரு மணி நேரம். அப்புறம்தான் நான் என் நோயாளிய படுக்க வைப்பேன்." சார் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன்.

பெடல் மிதிக்க தியேட்டர் அண்ணன்தான் வந்தார். உயரத்தில் நிறுத்திவிட்டு, பெடலிலிருந்து மூன்று அடி தள்ளிப் போய், எல்லாரும் பார்க்கிற மாதிரி சுவரோரம் நின்றார். முன்பு அப்படி நிற்க மாட்டார். என்னால் வந்த பழக்கம்.

சாரும் சிஸ்டரும் வெளியே போய்விட்டார்கள். மேலே அணைந்த விளக்கு. கண்ணை மூடினால் இறங்குகிற மாதிரி இருக்கிறது, திறந்தால் இல்லை. பதினோரு வருடமாக இதைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். இங்கே படுத்தால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

நாற்பது நிமிடம் கழித்து அண்ணன் வாயைத் திறந்தார்.

"குளிருதா?"

"கொஞ்சம்."

போர்வை ஒன்றைக் கொண்டுவந்து நோயாளிக்குப் போடுவது போல் ஓரம் மடித்துப் போர்த்தினார். பிறகு சுவரோரம் போகவில்லை. பெடல் பக்கத்திலேயே, பழைய இடத்திலேயே நின்றுகொண்டார்.

"அசையாம படு தங்கச்சி. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

மணி ஆனதும் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இறங்கவில்லை. திங்கள் காலை எட்டு மணிக்கு அதில் முதல் கேஸ். அந்நேரம் எனக்கு இரண்டாம் மாடியில் ஒன்பது சக்கர நாற்காலி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றில் தையல்கார அம்மா வீட்டுக்குப் போகிறார். வாசல்வரைதானாம். அங்கிருந்து கைத்தடியோடு நடந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.