ரிப்பனுக்குக் கிடைத்த வட்டம்

ஜூன் 4

புதிதாக வந்திருக்கும் ஆராய்ச்சி அக்கா முதலில் குனிந்து பார்த்தது டோக்கன் மெஷினைத்தான். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது எப்ப வந்துச்சு? வந்த பிறகு யாருக்கு என்னென்ன மாறுச்சு?" புது மருமகளைப் பற்றி விசாரிப்பது மாதிரி. மேனேஜர் சாரும் பெண் வீட்டார் மாதிரி நெளிந்தார்.

சமூகவியலாம். கண் ஆஸ்பத்திரியில் என்ன சமூகம்? சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் சமூகம்.

ஜூன் 5

அக்கா நர்ஸிடம் பேசியதை, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தபடி கேட்டேன்.

"ஆளு வேற, பொருள் வேறன்னு நான் பிரிக்கறதில்ல. கதவு, நாற்காலி, மெஷின், டாக்டர் – எது எதைச் செய்ய வைக்குதுன்னு ஒவ்வொண்ணு பின்னாடியும் போவேன். எல்லாம் சேர்ந்த வலைதான் இந்த ஆஸ்பத்திரி."

"அப்ப என்னையும் இந்த ஸ்டூலையும் ஒண்ணா வைப்பீங்களா?"

"ஸ்டூல் லீவு கேக்காது. மத்தபடி ஒண்ணுதான்."

நர்ஸுக்குக் கோபம். எனக்குப் பிடித்துவிட்டது. வாய் பேசாதவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று முதன்முதலாக ஒருவர் சொல்கிறார்!

ஜூன் 8

மேனேஜர் சார் டாக்டரம்மாவிடம் என்னைப் பற்றிச் சொன்னார்: "பேரு கூப்பிடத்தான் இந்தப் பொண்ண வெச்சோம். வாயே திறக்க மாட்டேங்குது. இப்ப மெஷின் வந்தாச்சு. இன்னும் எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு வந்த பொண்ணு வெள்ளிக்கிழமை படம் போட்டுக் காட்டுதாம். யாரு என்ன செய்யறாங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அப்புறம் பெயர் கூப்பிடும் வேலைக்கே வந்து சேர்ந்தேன். என் புத்தி அப்படி.

அம்மாவிடம் சொன்னால், "வேலை போச்சுன்னா சித்தி வீட்டுக்குப் போ. நாலு பிள்ளைங்களையும் பாத்துக்க" என்கிறாள். அந்த நாலையுமா! இரண்டு கடிக்கும்.

ஜூன் 9

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும். என்ன சொல்ல? மருந்து விட்ட கண்ணுக்குப் பலகையில் எரியும் நம்பர் தெரியாது. கண் ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்க்க வேண்டிய மெஷின்! அதனால்தான் அவர்களை டோக்கன் வரிசைப்படி உட்கார வைக்கிறேன். டாக்டர் அறைக் கதவோரத்து நாற்காலியின் கைப்பிடியில் என் பழைய ரிப்பனைக் கட்டியிருக்கிறேன். பலகையில் நம்பர் மாறி மணி அடித்ததும், ரிப்பன் கையில் தட்டுப்படுகிறவர் உள்ளே போவார். மற்றவர்கள் ஒரு நாற்காலி நகர்வார்கள்.

இவ்வளவுதான். மனதில் கோர்வையாக வந்தது. அக்காவின் அருகே போனேன்.

"என்னம்மா?"

"தண்ணி வேணுமாக்கா?"

மூன்று தடவை போனேன். பாவம், மூன்று தடவையும் குடித்தார்.

மேசையில் அவருடைய படம் விரிந்திருந்தது. தாள் முழுக்க வட்டங்கள், கோடுகள். மெஷின், பலகை, மணி, சொட்டு மருந்து, நர்ஸ். ரிப்பனுக்குக்கூட ஒரு வட்டம். நான் இல்லை. ரிப்பன் என்ன, தானாகவா முளைத்தது?

ஜூன் 10

இன்று எனக்குக் 'காய்ச்சல்'. இல்லாதபோதுதான் அருமை தெரியுமாம். தெரியட்டும்.

ஜூன் 11

ஆஸ்பத்திரியே தலைகீழாகக் கிடக்கும் என்று ஆசையோடு போனேன்.

"நேத்து நீ வரலையா?" என்றார் நர்ஸ். அவ்வளவுதான்!

எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. அடிக்கடி வரும் தாத்தா ஒருவர் புதியவர்களிடம், "நகர்ந்துட்டே இருங்க, ரிப்பன் தட்டுப்பட்டா உள்ள போங்க" என்று சொல்லிக்கொடுத்தாராம். என் வாய்க்குப் பதிலாகத்தான் அந்த ரிப்பனைக் கட்டினேன். அது என்னைவிட நன்றாகப் பேசுகிறது. லீவும் கேட்பதில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

இரவெல்லாம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று.

ஜூன் 12

"மூணு காப்பி எடுத்துட்டு வர்றியாம்மா?" என்று அக்கா படத்தை என்னிடமே கொடுத்தார்.

ஜெராக்ஸ் அறையில் யாருமில்லை. ரிப்பனுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன், மிளகு அளவுக்கு. அதிலிருந்து ரிப்பனுக்கு ஒரு கோடு, நாற்காலிகளுக்கு ஒரு கோடு. காப்பியில் அது விழவே இல்லை. மெஷின்களுக்கும் எனக்கும் ராசியே கிடையாது.

பேனாவை எடுத்து அதன்மேல் அழுத்தி வரைந்தேன். மூன்றிலும் விழுந்தது. வட்டம்தான் உருளைக்கிழங்காகிவிட்டது.

படம் காட்டும் அறையில் எல்லோருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு (வேறென்ன தெரியும் எனக்கு) வெளியே வந்து கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த வட்டம் யாரு? பேரே போடலையே?" டாக்டரம்மாவின் குரல்.

"இது நான் போட்டதில்லையே…" காகிதம் புரளும் சத்தம். பிறகு அக்கா மெதுவாக, "ஆனா, ரிப்பனை யாரு கட்டினாங்கன்னு நான் கேக்கவே இல்ல" என்றார்.

மேனேஜர் சார் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை போலிருந்தது.

இன்னொரு தடவை சொன்னேன்.