எல்லாப் படத்திலும் நடுவில் அத்தை

அன்பான அத்தைக்கு,

வருகிற வியாழக்கிழமை நான் இங்கிலாந்து போகிறேன். விசா கிடைத்துவிட்டது. கல்யாணி லீட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆயிற்று அல்லவா? இப்போதுதான் அவள் கணவனுக்கு வேளை வந்திருக்கிறது. நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம் முடிந்துவிட்டது. முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நம் ஸ்ரீவராகத்தில் ஒரு செய்தி தெருவின் அந்தக் கோடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பால்காரர் என்னிடம் வாழ்த்துச் சொன்ன பிறகுதான் உங்களுக்கு எழுதவே உட்கார்ந்தேன்.

கடையில் முதலாளியிடம் சொன்னேன். ஆரியசாலையில் பதினெட்டு வருடம் அவர் பாத்திரக்கடையில் நின்றவன் நான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, இங்க பாத்திரம் வித்தே. அங்க போய்ப் பாத்திரம் கழுவப் போறியா?" என்றார். பிறகு அவரே உள்ளே போய் ஒரு இட்லிக் கொப்பரையை எடுத்து வந்து, கல்யாணிக்கு என்று என் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது. கொப்பரைக்கா எனக்கா என்று கேட்கவில்லை.

விசா கிடைத்த கதையை நீங்கள் கேட்டாக வேண்டும். ஏனென்றால் அது கிடைக்காமல் போக இருந்ததே உங்களால்தான்.

தம்பானூரில் விசாவுக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகம். அங்கே ஷைனி என்று ஒரு பெண். நெய்யாற்றின்கரைக்காரி. நான் மலையாளம் பேசினால் அவள் தமிழில் பதில் சொல்வாள். நான் தமிழ் பேசினால் மலையாளத்துக்குத் தாவிவிடுவாள். மற்ற காகிதமெல்லாம் சரியாக இருந்தது. "இனி ஃபோட்டோ சேட்டா. நீங்களும் சேச்சியும் ஒந்நிச்சு இருக்கிற ஃபோட்டோ ஒரு பத்தெண்ணம் மதி, போதும். உண்மையான கல்யாணந்தான்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றாள்.

பத்து என்ன, இருபத்து மூன்று கொண்டு போனேன்.

முதல் படத்தைப் பார்த்தாள். "இது ஆரு சேட்டா, நடுவில்?"

"மாமியார்."

கோவளம் கடற்கரைப் படம். "இது?"

"அவங்கதான்."

மிருகக்காட்சிசாலை. கன்னியாகுமரி. ஆறு வருடத்து ஓணம், ஆறு வருடத்துப் பொங்கல். வரிசையாக மேசையில் பரப்பிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சேட்டன் கல்யாணம் கழிச்சது மகளையா, அம்மையையா?"

உண்மையாகவே அதுவரை எனக்குத் தோன்றவில்லை அத்தை. இடது பக்கம் நான், வலது பக்கம் கல்யாணி, நடுவில் நீங்கள். என் கை நீளம் என்பதால் நான் எடுத்த செல்ஃபிகளிலும் நடுவில் நீங்கள், தாடையைச் சற்றே தூக்கிக்கொண்டு. நாங்கள் இருவர் மட்டும் இருக்கிற படம் ஒன்றே ஒன்று உண்டு. கல்யாணி கிளம்பிய அன்று விமான நிலைய வாசலில் நீங்கள் எடுத்தது. அதில் எங்கள் நான்கு செருப்புகளும் உங்கள் கட்டைவிரலும் இருக்கின்றன.

என்னோடு நேருக்கு நேர் பேச அத்தனை கூச்சப்பட்டவர் நீங்கள். கேமராவிடம் மட்டும் கூச்சமே கிடையாது. கல்யாணி போன பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான். அப்போதும் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசக் கூடாது என்று சமையலறையிலிருந்து அவளுக்கு ஃபோன் போடுவீர்கள். உடனே என் ஃபோன் அடிக்கும். "அம்மா சொல்லுதா, நீங்க கேஸ மூடாம வந்துட்டியளாம்." எழுந்து பார்த்தால் அடுப்பு பன்னிரண்டு அடி தூரத்தில், பக்கத்தில் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க நம் பேச்சு இங்கிலாந்து போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. டூட்டி நடுவில் அவள் எப்படித்தான் பொறுத்தாளோ?

சரி, படத்துக்கு வருகிறேன். கிழக்கேகோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற செல்வராஜ் அண்ணனிடம் போனேன். "எடுத்துரலாம் தம்பி, ஒரு நிமிஷ வேல" என்றார். எடுத்தார். எனக்கும் கல்யாணிக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. "கோர்ட்டு வாசல்ல நிக்கிற மாதிரில்லா இருக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டு எங்களை நகர்த்திப் பக்கத்தில் வைத்தார். இப்போது என் தோளில் நான்கு விரல்கள். உங்கள் கை. அதை அழித்தால் என் தோளும் சேர்ந்து போனது. கன்னியாகுமரிப் படத்தில் எங்களை நகர்த்தவே முடியவில்லை. அதனால் உங்கள் இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்துவிட்டார். மூன்று கடல் சேருகிற இடத்தில், பாறை மேல், பச்சையும் மஞ்சளுமாக ஒரு பூந்தொட்டி.

சிரிப்பாள் என்று நினைத்து அதைக் கல்யாணிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"எங்கம்மா எங்க?"

"அது விசாவுக்காக…"

"எங்கம்மாவ எடுத்துட்டு அந்த எடத்துல செடி வச்சிருக்கியளா?"

"நான் வைக்கல. செல்வராஜ் அண்ணன்தான்…"

"எல்லாப் படத்தையும் இருக்கிற மாதிரியே குடுங்க. அம்மாவோட."

"விசா தரலன்னா?"

"தரலன்னா வேலைய விட்டுட்டு நான் அங்க வந்துருதேன். எங்கம்மாவ வெட்டி எறிஞ்சுட்டு நீங்க ஒண்ணும் இங்க வர வேண்டாம்."

ஃபோனை வைத்துவிட்டாள். மூன்று நாள் பேசவில்லை. தைரியமாகச் சொல்லிவிட்டாளே தவிர, அந்த வேலைக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். என் ஒரு தொட்டிச் செடியால் அது போய்விடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளையாக ஷைனியும் அவள் கட்சிதான். திருத்திய படங்களைக் காட்டியதும் அலறிவிட்டாள். "அய்யோ சேட்டா, எடிட் செய்ததா? கண்டுபிடிச்சா தீர்ந்நு! ஒறிஜினல் வச்சா மதி. ஆனா இந்த அம்மா ஏன் எல்லாத்திலும் நடுவில்னு ஒரு லெட்டர் எழுதணும். நீங்க தமிழில் சொல்லுங்க, நான் இங்கிலீஷில் போட்டுத் தாறேன்."

ஏன் என்று யோசித்தபோதுதான் எங்கள் கல்யாண நாள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்பாசமுத்திரத்து மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து படம் எடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் நாத்தனார், "நீ கொஞ்சம் பின்னால நில்லு, மங்கள காரியம்" என்று உங்களைத் தூண் பக்கம் தள்ளினார். மாமா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது; தனி ஆளாகத் தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்து மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவருக்கு மேடையில் இடம் இல்லை. கல்யாணி பட்டுப்புடவையோடு மேடையிலிருந்து இறங்கினாள். உங்கள் கையைப் பிடித்து இழுத்து வந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் நிறுத்தினாள். "இப்ப எடுங்க" என்றாள். ஃபோட்டோகிராபர் என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன கேட்க இருக்கிறது? தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்களுக்கு நடுவில் நீங்கள் வந்தாயிற்று.

அதைத்தான் எழுதினேன். "நடுவில் நிற்பவர் என் மாமியார். கணவரை இழந்தவர்களை எங்கள் பக்கம் கல்யாணப் படத்தில் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். என் மனைவி அவரை நடுவில் நிறுத்தினாள். அதன் பிறகு நாங்கள் அவரை நகர்த்தவில்லை. எங்கள் குடும்பமே இந்த மூன்று பேர்தான்." ஷைனி தட்டச்சு செய்துகொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சேட்டா, 'நகர்த்தவில்லை'க்கு எந்தா இங்கிலீஷ்?" என்றாள்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. நான் அதை மூன்று முறை படித்துவிட்டு, அனுமதியா மறுப்பா என்று உறுதியாகத் தெரியாமல் பஸ் ஏறித் தம்பானூருக்கு ஓடினேன். "கிட்டி சேட்டா, கிட்டி!" என்று ஷைனி நாற்காலியை விட்டுக் குதித்தாள். வெளியே வந்து கல்யாணியைக் கூப்பிட்டேன். விசா வந்த செய்தியைச் சொன்னேன். அழுகிறாள் என்று தெரிந்ததும் நானும் அழுதேன். தம்பானூர் பஸ் நிலையத்தில் ஒரு ஆண் நின்று அழுதால் யாராவது தண்ணீர் கொடுப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போது வீடு முழுக்கப் பெட்டி. கல்யாணி அனுப்பிய பட்டியலில் புளி, சுண்டை வற்றல், மோர் மிளகாய், அதற்குக் கீழே உங்கள் அரிவாள்மணை. அதைப் பெட்டிக்குள் போட்டால் மூடவில்லை. மூடினால் எடை கூடிவிடுகிறது. முதலாளி கொடுத்த கொப்பரையை எடுத்து வெளியே வைத்தேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். "அத்தையும் போயிட்டாங்க, இனி உனக்கு ஒரு தடையும் இல்ல." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் தலையை ஆட்டுகிறேன். ஆட்டியிருக்கக் கூடாது அத்தை. நீங்கள் எனக்குத் தடையாக இருந்ததே இல்லை. அது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கிணற்றடியில் நின்று ஃபோனில் கல்யாணியிடம், "எத்தன நாளைக்குத்தான் இப்படியே இருக்க?" என்று சலித்துக்கொண்டேன். அது உங்கள் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் காப்பியை என் முன்னால் வைத்தீர்கள். உள்ளே போகவில்லை. எட்டு வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினீர்கள்.

"மாப்ளை, நீங்க அவகிட்டப் போயிருங்க. நான் ஊர்ல தங்கச்சி வீட்ல இருந்துக்கிடுதேன். தங்கச்சிகிட்டப் பேசியாச்சு."

"இந்த முழங்கால வச்சுக்கிட்டு எங்க போவிய அத்தை?"

"காலு எனக்குள்ளது. அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க உங்க சோலியப் பாருங்க."

உங்கள் துணிப்பை கட்டி, கதவோரம் தயாராக இருந்தது.

நான் என்ன செய்தேன்? உங்களிடம், "இப்ப விசா குடுக்க மாட்டாங்களாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். கல்யாணியிடம், "அம்மா விட மாட்டேங்காவ, ஒரே அழுக" என்றேன். இரண்டும் பொய். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். நாற்பத்தொரு வயதில், பாத்திரம் தவிர ஒன்றும் தெரியாத நான், மனைவி சம்பாதிக்கிற ஊரில் என்ன ஆளாக இருப்பேன்? நான்கு பேர் நடுவில் இங்கிலீஷில் வாய் திறப்பேனா? அந்தப் பயத்தை உங்கள் முழங்காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

நீங்கள் பையைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் அடுக்கினீர்கள். கல்யாணி உங்கள் மேல் கோபப்பட்டு இரண்டு வாரம் உங்கள் ஃபோனை எடுக்கவில்லை. "வேல சாஸ்தியா இருக்கும் போல" என்று என்னிடம் நேராகவே சொன்னீர்கள். இடையில் சொல்லத்தான் ஆள் இல்லையே. நாம் பேசப் பழகியது அந்த இரண்டு வாரத்தில்தான். தொலைக்காட்சித் தொடரைப் பற்றி, மழையைப் பற்றி, மாமாவைப் பற்றி எல்லாம் பேசினோம். ஒன்றை மட்டும் நான் பேசவில்லை.

பிறகு அவள் சமாதானம் ஆனாள். ஆனாலும், "எங்கம்மா அன்னைக்கு விட்டிருந்தா…" என்று இன்றைக்கும் பாதியில் நிறுத்துவாள். நானும் சும்மா இருப்பேன்.

இனி இருக்க மாட்டேன். அங்கே போய்ச் சேர்ந்து, அவள் ஒரு வாய் சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடுவேன்: "அம்மா என்னப் போகச் சொன்னாங்க. நான்தான் பயந்து நின்னேன்." திட்டுவாள். வாசலில் நிறுத்தினாலும் நிறுத்துவாள். அந்த ஊர்க் குளிரில் நிற்பதற்கென்று பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு ஒரு கம்பளிக் குல்லா கொடுத்திருக்கிறார்.

எனக்குக் கடைசி நேரத்தில் வாய் அடைத்துப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறேன். இது அச்சாகி வருவதற்குள் நான் அவளிடம் சொல்லியாக வேண்டும். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள எனக்கு எந்த இடத்தையும் நான் மிச்சம் வைக்கவில்லை, அத்தை.

உங்கள் மகளிடம் புறப்பட்டுவிட்ட,
உங்கள் மாப்பிள்ளை,
சங்கரலிங்கம்