லொறிக்காரருக்குப் பாடிய அக்காவுக்கு

என் அருமை அக்காச்சி,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அழுகிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது. நானும் அண்ணாவும் இன்னும் கதைக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் தலையில் குட்டு விழுந்திருக்கும்.

நடந்ததைக் கேளுங்கள். கல்வெட்டு அடிக்க வேண்டும், நல்ல படமாக ஒன்று தா என்று அண்ணா கேட்டார். வருகிறவர்கள் கையில் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில்தானே உங்கள் வரலாறும் தேவாரமும் எங்கள் புலம்பலும் இருக்கும்? முன் அட்டையில் நீங்கள் இருப்பீர்கள். நான் யோசிக்கவே இல்லை. ஞாயிறுகளில் நீங்கள் பாடுகிற துறைமுகத்துக் கஃபேயில் எடுத்த படத்தைக் கொடுத்தேன். அகலத் தொப்பி, சிவப்புச் சட்டை, மடியில் கிற்றார், பாடுகிற வாய். அதில்தான் நீங்கள் நீங்களாக இருந்தீர்கள்.

காரியத்தன்று காலையில் பிரான்காச்சோவில் அண்ணா வீட்டுக்குப் போய்க் கல்வெட்டுக் கட்டைப் பிரித்தால், தொப்பியைக் காணவில்லை. வகிடெடுத்த தலை, கனகாம்பரம், பச்சைப் பட்டுச் சேலை, நெற்றியில் ஒரு ரூபாய்க் குற்றியளவு பொட்டு. கம்ப்யூட்டரில் கிற்றாரையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். விரல்களை மாற்ற மட்டும் மறந்துபோனார்கள். உங்கள் இடது கை ஒன்றுமில்லாத இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதே படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாலை போட்டும் வைத்திருந்தார் அண்ணா.

பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் என் காதுக்குள் கேட்டார். "ஏன் பிள்ளை, அக்காவுக்குக் கடைசிக் காலத்திலை கை இழுத்துப்போட்டுதோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. உள்ளே புரட்டினால் "அதிர்ந்து பேசாதவர்" என்று எழுதியிருக்கிறார். நீங்களா? நீங்கள் குரலை எடுத்தால் கப்பலேற நிற்கிற லொறிக்காரர் முழுப்பேரும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வருவார்களே! திருகோணமலையில் ரேடியோவில் கேட்டுப் பிடித்த அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அதே சாயலில் நீங்களே தமிழில் கட்டின ஏழு பாட்டுகளைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

அண்ணாவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன அண்ணா இது?"

"நாலு மனிசர் வந்து போற இடம். தொப்பியோடை அடிக்கேலுமே? ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் எங்கை இருக்கு? இஞ்சை இருக்கிறது பலேர்மோ."

"அதுதான் சொல்றன். உயிரோடை இருக்கேக்கை அவ பட்ட பேச்சுக் காணாதே? செத்தாப் பிறகாவது மரியாதையா இருக்கட்டும்."

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லமாட்டேன், அதைப் பார்த்ததும் நான் கொஞ்சம் அடங்கிப்போனேன். ஆனால் அக்கா, அவர் ஒரு ஞாயிறாவது வந்து கேட்டாரா? கிழமை முழுக்க லிபெர்த்தா வீதியில் அந்த வயதுபோன சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கிப் படுக்கவைத்துவிட்டு, ஞாயிறு பின்னேரம் அந்தத் தொப்பியை வைத்ததும் நீங்கள் நிமிர்கிற நிமிர்வை அவர் பார்த்ததே இல்லை. ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தவள் நான். "இதெல்லாம் வீட்டை விட்டுத் தூரம் போறவையின்ரை பாட்டு, நாங்கள் பாடாமல் ஆர் பாடுறது?" என்பீர்கள். அதில் என்ன மரியாதைக் குறைவைக் கண்டார்கள்?

பூசை முடிந்து இலை போடுகிற நேரம் சால்வோ வந்தார். நாப்போலிக்கு மீன் ஏற்றுகிற அந்தப் பெரிய உடம்பு லொறிக்காரர்தான். யாரிடமோ விலாசம் விசாரித்து, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நம்மவரைப் பார்த்து வாசலில் சப்பாத்தும் கழற்றிவிட்டு வந்தார். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். கையில் கொடுத்த கல்வெட்டைப் பார்த்தார். பிறகு சங்கடத்தோடு அண்ணாவிடம் இத்தாலியனில் சொன்னார்:

"மன்னிக்க வேண்டும். நான் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டேன்."

திரும்பிப் போய்ச் சப்பாத்தை மாட்டக் குனிந்தார். அண்ணா அவரை மறிக்கவில்லை.

அக்கா, நெஞ்சு வெடித்துப்போனது எனக்கு. உங்களைப் பறிகொடுத்த அன்றுகூட நான் அப்படித் துடிக்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "இதுதான் வீடு, இவதான் அவ" என்று உள்ளே இழுத்து வந்தேன். அப்படியும் அவர் நம்பாமல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு என்ன செய்வேன்? பாடினேன். உங்கள் தங்கச்சிக்குப் பாட்டு வராது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று உங்கள் பாட்டை எடுத்தேன்.

*பாதி வழியில் மழை வந்தால்*
*நனைந்து போவேன், திரும்ப மாட்டேன்.*

இரண்டாம் தரம் பாடும்போது சால்வோவும் சேர்ந்துகொண்டார். தமிழில்! எத்தனை ஞாயிறு கேட்டிருப்பார் மனிதர்? ஐயர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். ஒருவர் இருமினார். செத்தவீட்டுப் பாட்டுக்கு யார் கைதட்டுவார்கள், ஒருவரும் தட்டவில்லை. அந்த மாமி மட்டும் கல்வெட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"அப்ப இது கிற்றார் பிடிச்ச கையோ? அதை ஏன் ஒளிச்சவை?" என்று வாய்விட்டே கேட்டார். அண்ணா நிலத்தைப் பார்த்தார்.

எல்லோரும் போனபிறகு படிக்கட்டில் என்னை மறித்தார்.

"ஆட்டைத் திவசத்துக்கும் இப்பிடித்தான் கூத்தாடப் போறியோ?"

"ஓம், ஆடத்தான் போறன். கல்வெட்டும் நான்தான் எழுதப் போறன்."

"மூத்தவன் நான் இருக்கேக்கை நீ எழுதுறதோ?"

"நீங்கள் எழுதினது ஆரைப் பற்றியெண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை, அண்ணா."

அன்றைக்கு நின்றதுதான் எங்கள் இரண்டு பேரின் பேச்சு. அதிகம் சொல்லிவிட்டேனா? மனம் சுடத்தான் செய்கிறது. ஆனால் வார்த்தையைத் திருப்பி எடுக்கமாட்டேன்.

வேறு புதினம் என்றால், சிஞ்ஞோராவிடம் உங்கள் வேலையை இப்போது நான்தான் செய்கிறேன். பாடாவிட்டால் குளிக்க வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறா மனிசி. பாடினால், "நீ நன்றாகப் பாடுவதே இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறா. பழக்கிவிட்டுப் போனது நீங்கள்தானே, நான் படுகிறேன்.

வருஷம் திரும்பி ஆட்டை வருவதற்குள் உங்கள் ஏழு பாட்டையும் பாடமாக்கிவிடுவேன். சுருதி விலகும், திட்டுங்கள். யார் கோபித்தாலும், யார் வராமல் விட்டாலும், உங்களைத் தேடி வருகிற ஒருவரும் இனி வாசலில் நின்று பிழையான வீடு என்று திரும்பிப் போகமாட்டார்கள். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
பாட்டுக்காரியின் தங்கச்சி